பானை யார் கழுவுவது

கேப் டவுன்,
24 பிப்ரவரி 2025

ஃப்ளோர்ஸ்,

கடிதத்தைப் பார்த்ததும் தங்கை இறங்கி வந்துவிட்டாள் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. இறங்கவில்லை. இரண்டு வருஷம் ஏழு மாதம் ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால் அதற்கு மியெட்டாதான் காரணம்.

நம் பெரியப்பா மகளுக்குக் கண்ணில் ஏதோ அறுவை சிகிச்சையாம், இங்கே வந்திருந்தாள். காய்கறிக் கடையில் எதிரே வந்து நின்றாள். "என்ன திரீகா, பெத்த தாயை அடக்கம் பண்றப்பகூட வரல, இங்க நின்னு வெங்காயம் பொறுக்கிட்டிருக்கே?" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி. "ஏன் வரலன்னு அவன்கிட்டயே கேளு" என்று நான் நகரப் பார்த்தேன். விடவில்லை. "லேனி சித்தி சாகறதுக்கு முன்னால உனக்குன்னு ஒரு கேள்வி சொல்லிட்டுப் போனாங்களே, ஃப்ளோர்ஸ் சொன்னானா இல்லையா?" என்றாள்.

நான் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உண்மையா அது? நம் வீட்டில் கேள்வி கேட்காமல் அம்மா ஒருநாளாவது பானையைத் திறந்திருக்கிறாளா? பள்ளிக்கூடம் பெருக்கப் போன இடத்தில் வாத்தியார்கள் கழித்துப்போட்ட புத்தகங்களையெல்லாம் படித்துப் படித்துச் சேர்த்த கேள்விகள். சரியாகச் சொன்னவருக்கு ஆட்டு வால் கொழுப்பு. தப்பாகச் சொன்னவருக்குக் கரி பிடித்த அந்த மூன்று கால் பானை, மணல் போட்டுத் தேய்க்க. "தெரியாது" என்று மட்டும் சொல்லக் கூடாது, குத்துமதிப்பாகவாவது ஒன்று சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்டவள் கடைசியாக ஒன்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அதுவும் எனக்கு. அதை நீ உன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறாய். அது உன் சொத்து இல்லை. எழுதி அனுப்பு.

சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன், நானும் ஒன்று தருகிறேன். நான் துணி துவைக்கிற முதியோர் இல்லத்தில் புதன்கிழமைதோறும் வினாடி வினா நடக்கிறது. போன வாரம் கேட்டது இது: வானத்தில் எண்பத்தெட்டு நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு மட்டும் பூமியில் இருக்கிற ஒரு மலையின் பெயர். எந்த மலை? உள்ளே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஈரப் போர்வையும் கையுமாக வாசலில் நின்றே நான் சொன்னேன். கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ஆள் இல்லை.

திரீகா


டோரிங்புட் பண்ணை,
15 மார்ச் 2025

திரீகாவுக்கு,

உன் கடிதம் பதினெட்டு நாள் ஊரைச் சுற்றிவிட்டு நேற்று வெள்ளிக்கிழமை வண்டியில் வந்தது.

உன் கேள்விக்கு விடை, நீ தினமும் பார்க்கிற மேசை மலை. ஆயிரத்து எழுநூற்று ஐம்பதுகளில் ஒரு பிரெஞ்சுக்காரர் கேப்பில் வந்து தங்கி வைத்த பெயர். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத கண்ணாடியை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட பத்தாயிரம் நட்சத்திரங்களைக் குறித்து வைத்துவிட்டுப் போனார். மலைமேல் மேகம் படுத்திருக்கும் அல்லவா, அதேபோல வானத்து மேசைமேலும் ஒரு வெண்புகை கிடக்கும். இங்கே இருட்டினதும் தெளிவாகத் தெரியும். உனக்கு அங்கே விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. உனக்கு மலை, எனக்கு நட்சத்திரம். ஆக எனக்குப் பானை இல்லை.

அம்மா ஒரு கேள்வி சொன்னது உண்மை. எழுத மாட்டேன்.

பாதிரியார் பதினோரு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியவர். நீ வருவாய் என்று பதினொன்றே முக்கால் வரைக்கும் அவரை நிறுத்தி வைத்தேன். ஜூலை மாதத்துக் குளிர் காற்றில் அத்தனை பேரும் நின்றார்கள். "வரமாட்டா ஃப்ளோர்ஸ், விடு" என்று மியெட்டா சொன்ன பிறகுதான் மண்ணைத் தள்ளினேன். அம்மாவின் கேள்வி வேண்டுமென்றால் அம்மா இருக்கிற இடத்துக்கு வந்து கேள்.

என் கேள்வி: நம் பண்ணையைச் சுற்றி நிற்கிற ரேடியோ தொலைநோக்கித் தட்டுகளைப் போல உலகத்தில் எத்தனையோ தட்டுகள் வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதுவரை பிடித்தது எல்லாவற்றின் சக்தியையும் சேர்த்தால் எவ்வளவு இருக்கும்?

ஃப்ளோர்ஸ்


கேப் டவுன்,
7 ஏப்ரல் 2025

ஃப்ளோர்ஸ்,

நான் வரவில்லையா?

பாதிரியாரை முக்கால் மணி நேரம் நிறுத்தினாயாம். யாரை நம்பவைக்க?

சொல்கிறேன் கேள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்று மியெட்டா போனில் சொன்னாள். பக்கத்து வீட்டுத் தோயர் அண்ணனிடம் பின்னால் சாமான் ஏற்றுகிற அவருடைய பக்கி வண்டியைக் கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை மதியம் புறப்பட்டு, வழியில் கால்வினியா ஊரில் வண்டிக்குள்ளேயே மூன்று கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை ரொட்டிக் கத்தியால் சுரண்டிவிட்டுக் கிளம்பினேன். அம்மாவுக்குப் பிடிக்குமே என்று முழு ஸ்நூக் மீன் ஒன்றைப் புகைபோட்டுக் கொண்டுவந்தேன். செத்தவளுக்கு எதற்கு மீன் என்று கேட்காதே. வெறுங்கையோடு வர மனசு வரவில்லை.

பத்து நாற்பதுக்கு உங்கள் கேட்டில் நிற்கிறேன். ஒரு காவல்காரர் கையில் நோட்டோடு வந்தார். போனைக் கொடுத்தேன், கடிகாரத்தைக் கழற்றினேன், எல்லாம் மியெட்டா சொன்னபடி. அப்புறம் கேட்கிறார், "வண்டி பெட்ரோலாம்மா, டீசலா?"

"பெட்ரோல்."

"அப்படின்னா உள்ள விட முடியாதும்மா."

"ஏன், உள்ள போனா தீப்பிடிச்சுக்குமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தட்டுக்குக் காதுல விழுந்துடும்பாங்க."

தட்டுக்குக் காதில் விழுந்துவிடுமாம்! ஃப்ளோர்ஸ், நான் நாற்பத்தாறு வயதுக்காரி. பெட்ரோல் வண்டி உள்ளே போகக் கூடாது என்று உலகத்தில் எங்காவது சட்டம் கேள்விப்பட்டிருக்கிறாயா? டீசல் வந்தால் மட்டும் அந்தத் தட்டு காதைப் பொத்திக்கொள்ளுமா? உன் பெயரைச் சொன்னேன். என் அம்மா செத்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் கம்பிப் போனில் உள்ளே ஆபீசில் பேசிப் பார்த்தார். எல்லா வண்டியும் குழிக்குப் போய்விட்டது, அனுப்ப ஆள் இல்லை என்றார்களாம். வீட்டுக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். நடந்தால் சாயங்காலம் ஆகும். தேநீர் போட்டுக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நம் வீட்டு அடுப்படியில் என்ன சண்டை நடந்தது என்று உனக்கு மறந்திருக்காது. அம்மாவை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா என்று நான் கத்தினேன். அம்மா வரமாட்டாள் என்று நீ கத்தினாய். "நீதான் அம்மாவக் கொல்லப் போற" என்று சொல்லிவிட்டுப் போனவள் நான். அதற்குப் பழி வாங்க இதைவிட நல்ல நாள் உனக்குக் கிடைக்குமா? கேட்டை மூடச் சொல்லிவிட்டாய். மூடினது போதாதென்று, வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லவும் செய்தாய்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன். இந்நேரம் மண் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மீன் வீணாகப் போகக் கூடாதே என்று காவல்காரரிடம் கொடுத்தேன். நல்ல மனுஷர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன் கேள்விக்கு என் விடை: ஒரு வாளி வெந்நீர் அளவு. தப்பாக இருந்தால் இருக்கட்டும், பானையை வேண்டுமானால் தபாலில் அனுப்பு.

திரீகா


டோரிங்புட்,
3 மே 2025

திரீகா,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை வண்டிக்காரர் கொடுத்ததும் அங்கேயே நின்று படித்தேன். படித்துவிட்டு அதே வண்டியில் ஏறிக் கேட்டுக்குப் போனேன். தண்ணீர் இறைக்கிற காற்றாலையில் மாற்ற வேண்டிய பட்டை அப்படியே தரையில் கிடந்தது. ஆடுகளுக்கு அன்றைக்கு மதியம் தண்ணீர் இல்லை.

காவல்காரர் யாஃப்தாவிடம் பழைய நோட்டைக் கேட்டேன். 2022, ஜூலை 23. "10.40. வெள்ளை பக்கி. பெட்ரோல். பெண் ஒருவர். உள்ளே விடவில்லை. 12.00 திரும்பினார்." அவருடைய கோணல் எழுத்து. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக இரண்டு தடவை படித்தேன்.

"ஏன்யா என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்? மீனு குடுத்தேனே அன்னைக்குச் சாயங்காலம்!"

மீன் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றினது. யாருடையது என்று கேட்டதற்கு "வந்தவங்க குடுத்தாங்க" என்றார். சர்ச்சுக்காரர்கள் யாரோ கொடுத்தது என்று நினைத்தேன். மூன்று நாள் அதைத்தான் தின்றேன். நன்றாக இருக்கிறதே, உப்பு அம்மா போடுகிற மாதிரியே இருக்கிறதே என்று வேறு நினைத்துக்கொண்டேன். உன்னைத் திட்டிக்கொண்டே உன் மீனைத் தின்றிருக்கிறேன்.

நான் மூடச் சொல்லவில்லை. அம்மாமேல் ஆணை. இங்கே அது சட்டம்தான். பெட்ரோல் எஞ்சினில் பொறி தெறித்துத்தான் எண்ணெய் எரியும். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு ரேடியோ அலை கிளம்பும், டீசலில் அந்தப் பொறி கிடையாது. நான் உன்னிடம் கேட்டேனே அந்தக் கேள்வி, அதற்கு விடை இதுதான்: எல்லாத் தட்டுகளும் இதுவரை பிடித்ததைச் சேர்த்தாலும் ஒரே ஒரு பனித்துகள் தரையில் விழுகிற சக்திகூட வராதாம். அவ்வளவு மெல்லிசான சத்தத்தைக் கேட்கக் காத்திருக்கிற இடத்தில் தோயர் அண்ணனின் வண்டி வந்தால் இடி விழுந்த மாதிரி. அதனால்தான் எங்களுக்குக் கைபேசியும் இல்லை.

இது எல்லாம் சரி. உனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். போனைக் கேட்டில் கொடுத்துவிடச் சொல், கடிகாரம் வேண்டாம், கனமான சால்வை எடுத்துக்கொள்ளச் சொல் என்று மியெட்டாவிடம் மூன்று தடவை சொன்னேன். வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. எட்டு வருஷமாக டீசல் தவிர வேறு எதையும் பார்க்காதவன். உலகத்தில் பெட்ரோல் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. நம்புவதற்குக் கஷ்டமான சாக்கு. ஆனால் நடந்தது இதுதான். என் தப்பு.

நீ அன்றைக்கு அடுப்படியில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பேச ஆள் இல்லாத வீட்டில் கடைசியாகக் கேட்ட வார்த்தை சுலபத்தில் போகாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னது அம்மாதான். "பேர் தெரியாதவங்க நடுவுல சாக மாட்டேன்" என்றாள். நீ உன் கடிதத்தில் எழுதினதை எல்லாம் எனக்காகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டாம். வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ, போதும்.

சீக்கிரம் வர வேண்டும். செப்டம்பர் முப்பதோடு தொலைநோக்கிக்காரர்கள் இந்த வீட்டைப் பூட்டுகிறார்கள். எனக்கு டவுனில் ஒரு வீடு கொடுக்கிறார்கள். அதற்கப்புறம் கல்லறைக்குப் போக வருஷத்துக்கு ஒரு நாள்தான், கூட்டத்தோடு, அவர்கள் வண்டியில்.

பானை உனக்கு. ஒரு வாளி வெந்நீர் ரொம்ப ஜாஸ்தி.

ஃப்ளோர்ஸ்


கேப் டவுன்,
26 மே 2025

அண்ணா,

நான்கு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன்மேல் கோபப்பட்டே பழகிவிட்டது. திடீரென்று அது இல்லை என்றதும் வீடு காலியான மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்தால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

பதினொன்றே முக்கால். நான் பன்னிரண்டு வரைக்கும் கேட்டில்தான் நின்றேன். நீ அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய், நான் இந்தப் பக்கம். நடுவில் முப்பத்தெட்டு கிலோமீட்டர். இதை நினைத்துத்தான் நேற்று துணி மடிக்கிற மேசையிலேயே உட்கார்ந்து அழுதேன். மேற்பார்வைக்காரி வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "ஆமாம், மூணு வருஷமாச்சு" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இங்கே தினமும் பன்னிரண்டு மணிக்கு மலைச்சரிவில் பீரங்கி வெடிக்கிறார்களே, அதைப் பற்றி அம்மா ஒரு தடவை கேட்டது நினைவிருக்கிறதா? கப்பல்காரர்கள் எதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று. நீ சத்தம் என்றாய், நான் புகை என்றேன். சத்தம் வந்து சேர நேரம் பிடிக்கும், புகைதான் சரியான மணி. அன்றைக்கு வால் கொழுப்பு எனக்கு. முப்பது வருஷம் கழித்து, உன்னிடம் கேட்டுப் பார்க்காமலே நான் காதில் விழுந்த சத்தத்தை நம்பிவிட்டேன் பார்.

தோயர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என் வண்டியாலயா இவ்வளவும்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மனசு கேட்காமல் உள்ளே போய் அவர் தாத்தா காலத்துச் சின்னப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அரபு எழுத்து. "படி" என்றார். எனக்கு எங்கே அரபு தெரியும்? அவர் வாசித்தார். அண்ணா, அது நம் ஆஃப்ரிகான்ஸ்! நாம் பேசுகிற அதே பேச்சு. புத்தகமாக முதலில் எழுதப்பட்டபோது இந்த மொழியை இவரைப் போன்ற கேப் முஸ்லிம்கள்தான் அரபு எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக் கொடுத்தார்களாம். வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தில் யாராவது இதைச் சொன்னார்களா? அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஒரு வாரம் நம்மை இதை வைத்தே பட்டினி போட்டிருப்பாள்.

வருகிறேன். எனக்கு மூன்று நாள்தான் லீவு தருவார்கள், அதுவும் செப்டம்பரில். கம்பளி மூட்டை ஏற்றுகிற லாரி ஒன்று உங்கள் பக்கம் போகிறது. டீசலா என்று நான்கு தடவை கேட்டேன். டிரைவர், "என்னம்மா, டேங்க்கைத் திறந்து மோந்து பாக்கறியா?" என்றார். மோந்தே பார்த்துவிட்டேன்.

கேள்வியை இப்போதாவது எழுதக் கூடாதா?

திரீகா


டோரிங்புட்,
12 ஜூலை 2025

திரீகா,

செப்டம்பர் 20, சனிக்கிழமை. அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன், உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னேன். லாரி உள்ளே வராது, கேட்டில் இறங்கிவிடு. நான் எங்கள் வண்டியோடு அங்கேயே நிற்பேன். பத்து மணிக்கு என்றால் எட்டுக்கே வந்துவிடுவேன். யாஃப்தா தேநீர் போடுவதாகச் சொல்கிறார், இந்தத் தடவை குடிக்க வேண்டுமாம்.

கேள்வியை எழுதவில்லை. முன்னே கோபத்தில் எழுதவில்லை. இப்போது கோபம் இல்லை. ஆனாலும் எழுத வரவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் கேள்வி நோட்டு கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி போட்டு, யார் ஜெயித்தது என்று கூடக் குறித்திருக்கிறாள். ஒரு கேள்வியைக்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை. அதிலிருந்து ஒன்று எடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் இரண்டு பேருமே தோற்றது. ஒரு நாடு தன் சின்னத்தில் போட்டிருக்கிற வாசகம், அந்த நாட்டில் யாருமே பேசாத மொழியில் இருக்கிறது. எந்த நாடு?

நம் நாடுதான். அந்த மொழியைப் பேசினவர்கள் இந்த மேட்டிலும் இந்தப் பள்ளத்திலும்தான் வேட்டையாடித் திரிந்தார்கள். நம் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பேசியிருப்பான். அவர்களில் சிலரைத் திருட்டுக் கேஸில் பிடித்து உங்கள் கேப் டவுன் ஜெயிலில் போட்டார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து அவர்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எழுதி வைத்ததால்தான் அந்த மொழி காகிதத்திலாவது இருக்கிறது. நாணயத்திலும் அந்தச் சின்னம் இருக்கிறது. எல்லார் பையிலும் கிடக்கிறது, ஒருத்தர் வாயிலும் இல்லை.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். வால் கொழுப்பு என்றால் என்ன, பானை என்றால் என்ன என்று புரிகிறவர்கள் உலகத்தில் இப்போது இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்றால் என்ன ஆகும்? எனக்குப் பயமாக இருந்தது.

ஃப்ளோர்ஸ்


கேப் டவுன்,
25 செப்டம்பர் 2025

அண்ணா,

வந்து சேர்ந்தேன். லாரி முழுக்கக் கம்பளி வாசனை, இன்னும் தலைமயிரிலிருந்து போகவில்லை. புது வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன், நீ போய்ச் சேருகிறபோது அங்கே இது காத்திருக்கட்டும்.

கல்லறைமேல் நீ வைத்திருக்கிற வெள்ளைக் கல் வரிசை அழகாக இருக்கிறது. உன்னிடம் சொல்ல அங்கே வாய் வரவில்லை. நீ கிழவனாகிவிட்டாய் என்பதையும் சொல்லவில்லை. கேட்டில் உன்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல், "ஃப்ளோர்ஸ் எங்க?" என்று உன்னிடமே கேட்டதற்கு நீ கோபப்படாதது பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. தெற்கு வானத்தில் துருவ நட்சத்திரம் போல ஒன்று ஏன் இல்லை என்பதுதான் அம்மாவின் கேள்வி என்று சொன்னாய். சொல்லும்போது காற்றாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். அந்தக் கேள்வியை அம்மா எனக்கு எட்டு வயதில் கேட்டாள். அந்த இடத்தில் பிரகாசமாக ஒன்றும் அமையவில்லை, சிலுவை நட்சத்திரக் கூட்டத்தை வைத்துத்தான் தெற்கைத் தேட வேண்டும் என்று சொல்லத் தெரியாமல், அழுதுகொண்டே பானை கழுவினவள் நான். அம்மா ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டதே இல்லை என்று எழுதினவன் நீதான்.

எதை மறைக்கிறாய்?

திரீகா


டவுனில், புது வீடு,
11 அக்டோபர் 2025

திரீகா,

பிடித்துவிட்டாய். அம்மாவின் மகள்தான் நீ.

இந்த வீட்டில் விளக்கு, குழாய், எல்லாம் இருக்கிறது. எனக்குக் கைபேசியும் கொடுத்துவிட்டார்கள். உன் எண்ணை அதில் போட்டு வைத்திருக்கிறேன். அழுத்தினால் நீ பேசுவாய். ஆனால் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டு ரேடியோ இரைச்சலாக இருக்கிறது. அத்தனை வருஷம் சத்தமே இல்லாத இடத்தில் இருந்துவிட்டு இங்கே வந்தால், இத்தனை சத்தத்துக்கு நடுவில் அதைவிட யாருமற்றுப் போன மாதிரி இருக்கிறது.

அம்மா போவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, "கேள்வி கேக்கவே இல்லையே, அதுக்குள்ள என்ன சாப்பாடு?" என்றாள். சரி கேளு என்றேன்.

"நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். அப்புறம் யாரு முதல்ல கடுதாசி போடுவீங்க? நீயா, அவளா?"

"நான்தாம்மா. நான்தானே மூத்தவன்" என்றேன்.

அம்மா சிரித்தாள். "தப்பு" என்றாள். "திரீகாகிட்டயும் கேளு. அவ என்ன சொல்றான்னு பாக்கலாம்."

அவ்வளவுதான். அப்புறம் தூங்கிவிட்டாள்.

எனக்கு ரோஷம். தப்பு என்று எப்படிச் சொல்லலாம், அடக்கம் முடிந்த மறுநாளே எழுதிக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். நீ வரவில்லை என்றதும் எல்லாம் உள்ளே இறுகிவிட்டது. ஆனாலும் எழுதாமல் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எழுதினேன். வெள்ளிக்கிழமை வண்டி வருவதற்குள் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். இவள் முதலில் எழுதட்டும், இவள்தானே வரவில்லை என்று. அப்புறம் மார்ச்சில் உன் கடிதம் வந்தது. கோபமும் வந்தது, கூடவே அம்மா சரியாகத்தான் சொன்னாள் என்று தெரிந்துபோனது. அதனால்தான் எழுத மாட்டேன் என்றேன். கல்லறை முன்னால் நின்று, அவள் காதுபட, நான் தோற்றுப்போன கேள்வி இதுதான் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏதோ ஒரு நட்சத்திரத்தைச் சொல்லித் தப்பித்தேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, திரீகா. கூடப் பிறந்தவளுக்கு ஒரு கடிதம் போட முடியாமல் இரண்டரை வருஷம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது?

மூன்று கால் பானையை எடுத்து வந்திருக்கிறேன். பின்வாசலில் வைத்திருக்கிறேன். கழுவ வேண்டியவன் நான்தான். ஆனால் அம்மா உன்னிடமும் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இப்போது இதைப் படித்துவிட்டு விடை தெரியும் என்று சொல்லாதே. அன்றைக்கு, அந்தச் சாயங்காலம் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஃப்ளோர்ஸ்


கேப் டவுன்,
30 அக்டோபர் 2025

அண்ணா,

நீதான் என்று சொல்லியிருப்பேன்.

யோசிக்கக்கூட வேண்டாம். உன்மேல் அவ்வளவு கோபத்தில் இருந்தபோதும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வேலை முடிந்து வந்ததும் சாவியைக்கூட எடுக்காமல் முதலில் தபால் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பேன். மின்சார பில், சர்ச் நோட்டீஸ். அடுத்த நாளும் திறப்பேன். இரண்டு வருஷம் ஏழு மாதம் ஒரு நாள் விடாமல் பார்த்தேன் என்றால், அந்த விடையை எவ்வளவு நம்பியிருப்பேன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஆகையால் எனக்கும் தப்பு. பாதிப் பானை என்னுடையது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், அதுவரைக்கும் கழுவாமல் வை.

திரீகா